வெற்றிக்கு உரிமை உண்டா? பிரான்சிஸ்கோ டி விட்டோரியாவின் வாழ்வும் சட்டச் சிந்தனையும்

1532 நவம்பரில், பெருவின் காஹமார்க்கா நகரில், இன்கா பேரரசர் அதஹுவால்பாவை பிரான்சிஸ்கோ பிசாரோவின் சிறுபடை வஞ்சகமாகச் சிறைபிடித்தது. ஓர் அறை நிறையப் பொன்னும் அதைப்போல் இருமடங்கு வெள்ளியும் மீட்புப்பொருளாக வாங்கிக்கொண்டது. வாங்கிய பிறகும் அவரை விடுவிக்கவில்லை. 1533இல் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்திக் கொன்றது. அந்தப் பொன்னில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னருக்குரியது. 1534இல் அது செவில் துறைமுகத்தில் வந்திறங்கியபோது நாடே அதைப் பார்த்து மயங்கியது.

மயங்காதவர்களில் ஒருவர் சாலமன்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்பித்துக்கொண்டிருந்த டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ டி விட்டோரியா. அவ்வாண்டு நவம்பரில், ஆண்டலூசியாவில் தம் சபைக்குத் தலைமை தாங்கிய மிகேல் தெ ஆர்கோஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. பெருவிலிருந்து வரும் செய்திகளை நினைத்தாலே தம் இரத்தம் உறைந்துபோகிறது என்று அதில் எழுதினார். அந்த மக்கள் மனிதர்கள் என்றால், ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் குடிகள் என்றால், அவர்களைச் சூறையாடியவர்களைக் கொடுங்கோன்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்க எந்த வழியும் தமக்குத் தெரியவில்லை என்றார்.

ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, தனிக்கடிதத்தில் சொன்னதை ஒரு முறையான சட்டக் கேள்வியாக்கி அவர் பொது அவையில் வைத்தார். ஸ்பானியர் அமெரிக்காவை ஆள்வது எந்த உரிமையில்? வென்ற நாட்டின் உள்ளேயே, வெற்றி நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே, அந்நாட்டின் முதன்மையான பல்கலைக்கழகத்தின் மேடையிலிருந்து இக்கேள்வி எழுந்தது. பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவோர் இதையே காட்டுகிறார்கள். காலனியத்துக்குச் சட்டமொழி தந்தவர் என்று குற்றஞ்சாட்டுவோரும் அதே உரையையே காட்டுகிறார்கள். இரு தரப்பும் ஆதாரத்தோடுதான் பேசுகின்றன. ஒரே உரையில் இந்த இரண்டும் எப்படி இடம்பெற்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பர்கோஸ், பாரிஸ், சாலமன்கா

விட்டோரியா ஏறத்தாழ 1483இல் பிறந்தவர். பர்கோஸ் நகரின் புனித பவுல் மடத்தில் இளம்வயதிலேயே டொமினிக்கன் துறவு சபையில் சேர்ந்தார். உயர்கல்விக்காகப் பாரிஸில் சபைக்குச் சொந்தமான புனித யாக்கோபு கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். அவருடைய ஆசிரியரான பீட்டர் குரோக்கார்ட், அன்று வழக்கிலிருந்த பாடநூலை விடுத்து, தாமஸ் அக்வினாஸின் ‘இறையியல் தொகுப்பு’ நூலை வகுப்பில் விளக்கத் தொடங்கியவர். அந்நூலில் நீதி, போர், உடைமை பற்றிப் பேசும் பகுதியை 1512இல் அச்சுக்குக் கொண்டுவரும் பணியில் விட்டோரியாவும் பங்கேற்றார். அவருடைய பிற்காலச் சிந்தனை வேர்கொண்ட இடம் இது.

1522இல் இறையியலில் முனைவரானார். அடுத்த ஆண்டு வயதோலிதின் புனித கிரகோரி கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1526இல் சாலமன்காவின் முதன்மை இறையியல் பீடம் காலியானது. அங்கே பேராசிரியர் பதவிக்குப் போட்டியிடுவோர் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். விட்டோரியா வென்றார். 1546 ஆகஸ்ட் 12இல் மறையும்வரை அந்தப் பீடம் அவருடையதாகவே இருந்தது.

பாரிஸில் கற்ற முறையை அவர் சாலமன்காவில் ஊன்றினார். அக்வினாஸின் நூலைப் பாடமாக்கியதோடு, மாணவர்கள் குறிப்பெடுக்கும் வேகத்தில் சொல்லித்தரும் வழக்கத்தையும் கொண்டுவந்தார். தம் பாடங்களை அவர் நூலாக வெளியிடவில்லை. இன்று நாம் படிப்பவை பெரும்பாலும் மாணவர்களின் கையேடுகள் காத்துத்தந்தவை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆண்டுக்கொருமுறை எல்லாத் துறையினரும் கூடிய அவையில் ஒரு சிறப்புப் பேருரை ஆற்ற வேண்டும். விட்டோரியா ஆற்றியவற்றில் 13 உரைகள் எஞ்சியுள்ளன. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மணவிலக்குச் சிக்கல் ஐரோப்பாவை உலுக்கியபோது 1531இல் திருமணம் பற்றிப் பேசினார். போப்பாண்டவருக்கும் திருச்சபைப் பொதுச்சங்கத்துக்கும் இடையிலான அதிகாரத் தகராறு பற்றிப் பேசினார். காலத்தின் எரியும் கேள்விகளே அவருடைய தலைப்புகள்.

1528இல் அரசியல் அதிகாரம் பற்றி ஆற்றிய உரையில் மூன்று கருத்துகள் தனித்து நிற்கின்றன. முதலாவது, சட்டம் இயற்றிய மன்னனையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும். இரண்டாவது, உலகம் முழுவதும் ஒருவகையில் ஒரே அரசியல் சமூகம், அதற்கு எல்லா நாட்டினரையும் பிணைக்கும் சட்டத்தை ஆக்கும் ஆற்றல் உண்டு, எந்த ஒரு நாடும் அதிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள முடியாது. மூன்றாவது, ஒரு நாட்டுக்கு ஆதாயம் தரும் போர் உலகுக்குக் கேடு செய்யுமானால், அந்தக் காரணத்தாலேயே அது நீதியற்ற போர். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பிரான்சோடும் பிறரோடும் ஓயாமல் போரிட்ட காலத்தில், அவருடைய ஆட்சிக்குட்பட்ட ஒரு பல்கலைக்கழகத்தில் சொல்லப்பட்டவை இவை.

கடற்கரையில் வாசிக்கப்பட்ட பத்திரம்

அமெரிக்காவின் மீது ஸ்பெயின் கொண்டாடிய உரிமைக்கு அதுவரை சொல்லப்பட்ட ஆதாரம் போப்பாண்டவரின் கொடை. கொலம்பஸ் திரும்பிய 1493ஆம் ஆண்டிலேயே ஆறாம் அலெக்சாந்தர் தம் ஆணைகள்மூலம் புதிய நிலங்களை ஸ்பெயினின் மன்னர்களுக்கு அளித்தார். அடுத்த ஆண்டு ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தேசில்யாஸ் உடன்படிக்கையில் அட்லாண்டிக் கடலில் ஒரு கோட்டைக் கிழித்துத் தமக்குள் பங்குபிரித்துக்கொண்டன.

முதல் எதிர்க்குரல் தீவுகளிலிருந்தே வந்தது. 1511 டிசம்பரில் சான்டோ டொமிங்கோவில் அந்தோனியோ டி மொன்டெசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி, பூர்வகுடிகளைக் கொத்தடிமைகளாக வைத்திருந்த ஸ்பானியர்களை வழிபாட்டு மேடையிலிருந்தே கண்டித்தார். அதன் விளைவாக 1512இல் பர்கோஸ் சட்டங்கள் வந்தன. அவை வேலைநேரத்தையும் உணவையும் ஒழுங்குபடுத்தினவே தவிர, கட்டாய உழைப்பை ஒழிக்கவில்லை. 1513இல் பலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் ஒரு முன்னறிவிப்புப் பத்திரம் எழுதினார். உலகைப் படைத்த கடவுள் பேதுருவிடம் அதிகாரம் தந்தார், அவர் வழிவந்த போப்பாண்டவர் இந்நிலங்களை ஸ்பெயினுக்குத் தந்தார், அடிபணிந்தால் நலம், மறுத்தால் போரும் அடிமைத்தனமும், அதற்கு நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். படைத்தலைவர்கள் தாக்குதலுக்கு முன் இதை ஸ்பானிய மொழியில் வாசிக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அந்த மொழி தெரியாது. வாசித்தாயிற்று என்று எழுத்தர் ஒருவர் சான்றளித்தால் போருக்குச் சட்டக்காப்பு கிடைத்துவிடும்.

1537இல் போப்பாண்டவர் மூன்றாம் பவுல், பூர்வகுடிகள் உண்மையான மனிதர்கள் என்றும், கிறிஸ்தவத்துக்கு வெளியே இருந்தாலும் அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கக் கூடாதென்றும் ஆணையிட்டார். இத்தனைக்கும் பிறகும் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. உடைமையைப் பறிக்கக் கூடாதென்றால், ஆட்சியைப் பறித்தது எப்படிச் சரியாகும்?

உடைமையாளர் யார்?

1539இன் தொடக்கத்தில் ஆற்றிய ‘இந்தியர் பற்றி’ என்ற உரையில் விட்டோரியா இதை எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று ஐரோப்பியர் இந்தியர் என்றே அழைத்தனர். இந்த மக்கள் மனிதச் சட்டத்தால் ஸ்பெயினுக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், ஆகவே ஸ்பெயினின் சட்டநூல்களைப் புரட்டுவோர் மட்டும் இதற்குத் தீர்ப்புச்சொல்ல முடியாது, இயற்கைச் சட்டத்தைக் கொண்டே ஆராய வேண்டும் என்பது அவர் வகுத்த எல்லை. அந்த ஓர் அடியிலேயே விவகாரம் அரசவை வழக்கறிஞர்களின் கையிலிருந்து வெளியே வந்துவிடுகிறது.

ஸ்பானியர் வருவதற்கு முன் இவர்கள் தங்கள் நிலத்துக்கும் பொருளுக்கும் ஆட்சிக்கும் உண்மையான உரிமையாளர்களா? மறுப்போர் சொல்லக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கிறார். பாவிகள் என்பதால் உரிமை இழந்தார்களா? இல்லை. பாவத்தால் ஆட்சியுரிமை போய்விடும் என்று ஆங்கிலேய இறையியலாளர் விக்ளிஃப் போன்றோர் சொன்னதைத் திருச்சபையே கண்டித்திருக்கிறது. அந்தக் கொள்கையை ஏற்றால் ஐரோப்பாவின் எந்த அரியணையும் நிலைக்காது. கிறிஸ்துவை நம்பாதவர்கள் என்பதால் இழந்தார்களா? இல்லை. நம்பிக்கையின்மை இயற்கை உரிமையை அழிக்காது. யூதரிடமோ முஸ்லிம்களிடமோ அந்தக் காரணம் சொல்லிப் பொருளைப் பறிப்பது திருட்டு. அறிவற்றவர்கள் என்பதாலா? குழந்தைக்குக்கூட உடைமையுரிமை உண்டு, ஏனென்றால் குழந்தைக்கும் அநீதி இழைக்க முடியும்.

இவர்கள் அறிவற்றவர்களும் அல்லர் என்று அடுத்து நிறுவுகிறார். ஒழுங்கமைந்த நகரங்கள், முறையான திருமணம், அதிகாரிகள், தலைவர்கள், சட்டங்கள், தொழில்கள், வாணிகம், சமயம் எல்லாம் இவர்களிடம் உள்ளன. இவை அறிவின்றி நடப்பவை அல்ல. சிலர் மந்தமாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் கல்வியின்மை, ஸ்பெயினின் உழவர்களிலும் அத்தகையோர் உண்டு என்கிறார். இயற்கையிலேயே சிலர் அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் கூறியதாகச் சொல்லி அடிமைமுறையை நியாயப்படுத்தியவர்களுக்கும் பதில் தருகிறார். வழிகாட்டுதல் தேவைப்படுவோர் உண்டு என்பதே அரிஸ்டாட்டிலின் கருத்து, அவர்களைப் பிடித்து விற்கலாம் என்பதல்ல என்பது அவர் விளக்கம். முடிவு தெளிவானது: மன்னர்களும் குடிமக்களுமாக இவர்கள் தங்கள் நாட்டின் முழு உரிமையாளர்கள்.

தள்ளப்பட்ட ஏழு வாதங்கள்

உரையின் இரண்டாம் பகுதி, அதுவரை ஸ்பெயின் சொல்லிவந்த ஏழு வாதங்களைத் தள்ளுகிறது. அவற்றின் வரிசையே துணிச்சலானது.

முதலில் பேரரசர். உலகம் முழுவதுக்கும் அவர் அதிபதி என்ற வாதத்துக்கு இயற்கைச் சட்டத்திலோ இறைச் சட்டத்திலோ மனிதச் சட்டத்திலோ ஆதாரமில்லை. அப்படியே இருந்தாலும், பிறர் நாட்டை எடுத்துக்கொள்ளும் உரிமை அதிலிருந்து வராது. அடுத்தவர் போப்பாண்டவர். உலகம் முழுவதன்மீதும் அவருக்கு உலகியல் ஆட்சி இல்லை, கிறிஸ்தவர் அல்லாதவர்மீது ஆன்மிக ஆட்சியும் இல்லை. தம்மிடம் இல்லாததை அவர் ஸ்பெயின் மன்னருக்குக் கொடுத்திருக்க முடியாது. சார்லஸ் பேரரசராகவும் போப்பாண்டவர் ஐரோப்பாவின் நடுவராகவும் இருந்த நாட்களில் ஒரு துறவி இப்படிச் சொன்னார். அரைநூற்றாண்டுக்குப் பிறகு, 1590இல், போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இவருடைய உரைகளைத் தடைநூல் பட்டியலில் சேர்க்க முனைந்ததற்கு இந்த வாதமே காரணம்.

மூன்றாவது, கண்டுபிடிப்பு. உரிமையாளர் இல்லாத பொருளைக் கண்டெடுத்தவன் அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்நிலங்களுக்கு உரிமையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நம் நாடு அவர்களுக்குச் சொந்தமாகியிருக்குமா என்று கேட்டு இந்த வாதத்தை முடித்துவைக்கிறார். இரு தரப்பையும் இடம் மாற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விட்டோரியாவை மதிப்பிடுவதற்கு அவரே தந்த அளவுகோல் இது.

நான்காவது, கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்தார்கள் என்பது. வந்தவன் அறிவித்த உடனே எவரும் நம்பக் கடமைப்பட்டவர் அல்லர். அற்புதங்களோ தூய வாழ்வோ அங்கே நடந்ததாகத் தாம் கேள்விப்படவில்லை, கொடுமைகளைப் பற்றித்தான் கேள்விப்படுவதாகச் சொல்கிறார். நன்கு போதிக்கப்பட்ட பிறகு மறுத்தாலும் அது போருக்குக் காரணமாகாது. ஐந்தாவது, இயற்கைக்கு மாறான பாவங்கள் செய்கிறார்கள் என்பது. பாவத்துக்காகப் படையெடுக்கலாம் என்றால் கிறிஸ்தவ மன்னர்கள் ஒருவர்மீது ஒருவர் தினந்தோறும் படையெடுக்க வேண்டியிருக்கும். ஆறாவது, அவர்களே விரும்பி ஏற்றார்கள் என்பது. ஆயுதம் தாங்கிய கூட்டம் சூழ்ந்து நிற்க, அச்சத்திலும் அறியாமையிலும் தந்த சம்மதம் சம்மதமே அல்ல. கடற்கரையில் வாசிக்கப்பட்ட பத்திரத்தின் உயிர்நாடி இங்கே அறுபடுகிறது. ஏழாவது, கடவுளே இந்நாட்டைத் தந்தார் என்பது. அதற்குச் சான்றில்லை.

இந்த இடத்தில் உரை முடிந்திருந்தால் விட்டோரியாவைப் பற்றி இரண்டு கருத்து இருந்திருக்காது.

திறந்துவிடப்பட்ட வாயில்

மூன்றாம் பகுதியில், ஸ்பெயினின் ஆட்சியை நியாயப்படுத்தக்கூடிய காரணங்களை அவர் பட்டியலிடுகிறார். இவற்றுள் முதலாவதே மிக முக்கியமானது. மனிதர்களுக்கிடையே இயற்கையான தோழமை உண்டு. ஆகவே தீங்கு செய்யாத அயலார் எந்த நாட்டுக்கும் பயணம் செய்யலாம், தங்கலாம், வாணிகம் செய்யலாம், பொதுவான கடலையும் ஆற்றையும் துறைமுகத்தையும் பயன்படுத்தலாம். குற்றமற்ற விருந்தினரை விரட்டுவது அநீதி. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பானியர்களைத் தம் நாட்டில் நுழையவிடாமல் தடுக்க முடியாது, அதுபோலவே பூர்வகுடிகளும் தடுக்க முடியாது. தடுத்தால் முதலில் இதமாகப் பேசிப் புரியவைக்க வேண்டும். அவர்கள் அச்சத்தால் தாக்கினால் தற்காத்துக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும், ஏனெனில் பழக்கமில்லாத ஆயுதம் தாங்கிய அந்நியரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. இத்தனைக்குப் பிறகும் பகைமை தொடர்ந்தால் போர் நீதியாகும், அந்தப் போரின் வழியே நாட்டைப் பிடிப்பதும் நீதியாகலாம்.

மற்றக் காரணங்கள் இதைத் தொடர்கின்றன: சமயத்தைப் போதிக்கும் உரிமை, மதம் மாறியவர்களைப் பாதுகாத்தல், அவர்கள் பெரும்பான்மையானால் போப்பாண்டவர் அவர்களுக்குக் கிறிஸ்தவ அரசரை அளித்தல், நரபலி போன்ற கொடுமைகளிலிருந்து குற்றமற்றவர்களைக் காத்தல், மக்கள் உண்மையாகவே விரும்பித் தேர்தல், நட்பு நாட்டுக்கு உதவுதல். மெக்சிகோவில் த்லஸ்காலா மக்கள் அஸ்டெக்குகளுக்கு எதிராக ஸ்பானியரோடு சேர்ந்ததை நட்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். இவர்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் திறன் போதாது என்ற எட்டாவது காரணத்தை மட்டும் உறுதியாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

ஒவ்வொரு காரணத்துக்கும் நிபந்தனைகள் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிசாரோ செய்தது இந்த நிபந்தனைகளில் எதற்கும் பொருந்தவில்லை. ஆனால் நிபந்தனைகள் காலப்போக்கில் உதிரும், உரிமைகள் நிலைத்துவிடும். இங்கேதான் விட்டோரியாவின் சொந்தச் சோதனையை அவர்மீதே வைத்துப் பார்க்க வேண்டும். பூர்வகுடிகள் கப்பலேறி செவிலுக்கு வந்து, தம் தெய்வங்களைப் போதிக்கவும் வாணிகம் செய்யவும் இடம் கேட்டிருந்தால்? ஸ்பெயின் மறுத்தால் அதன்மீது போர்தொடுக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்திருக்குமா? கண்டுபிடிப்பு வாதத்தை வீழ்த்த இரு தரப்பையும் இடம் மாற்றிப் பார்த்தவர், பயண உரிமையையும் போதனை உரிமையையும் பேசும்போது பூர்வகுடிகளை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் கண்முன்னே இருந்த நடப்பும் இதற்கு எதிராகவே சாட்சி சொல்லியது. குற்றமற்றவரை வெளியேற்றுவது அநீதி என்றார். 1492இல் ஸ்பெயின் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றியிருந்தது. வாணிகம் எல்லாருக்கும் திறந்தது என்றார். 1503இல் செவிலில் நிறுவப்பட்ட வாணிக மன்றத்தின் அனுமதியின்றி எவரும் அமெரிக்காவுக்குக் கப்பலேற முடியாது, பிறநாட்டு ஐரோப்பியருக்கு வாயில் பெரும்பாலும் மூடியே இருந்தது. உலகம் முழுவதுக்குமான உரிமை என்று வகுக்கப்பட்டது, நடைமுறையில் ஒரு திசையில் மட்டும் ஓடிய கப்பல்களின் உரிமையாக இருந்தது.

உரையின் முடிவில் ஒரு குறிப்பு வருகிறது. இந்தக் காரணங்கள் எதுவும் பொருந்தாமல் ஸ்பெயின் ஆட்சியைக் கைவிட நேர்ந்தாலும் வாணிகம் நின்றுவிடாது, போர்ச்சுகீசியர்கள் அடிமைப்படுத்தாமலே பெரும் வாணிகம் நடத்துகிறார்களே என்கிறார். அவர் இதைச் சொன்னபோது போர்ச்சுகீசியர் கோவாவைப் படைபலத்தால் பிடித்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்செல்வோர் தம்மிடம் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்று இந்தியப் பெருங்கடலில் கட்டளையிட்டிருந்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தவருக்கு அமைதியான வாணிகமாகத் தெரிந்தது, அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. ஆப்பிரிக்க அடிமை வாணிகத்திலும் இந்தக் குறை தெரிகிறது. ஒரு கடிதத்தில், ஆப்பிரிக்கர் தமக்குள் நடத்திய போர்களில் பிடிபட்டவர்களை வாங்கும் போர்ச்சுகீசியர் அந்தப் போர் நீதியானதா என்று விசாரிக்க வேண்டியதில்லை என்று எழுதினார். பெருவுக்காக இரத்தம் உறைந்தவர் கினி கரைக்காக உறையவில்லை. இதை மறைத்து அவரைப் போற்றுவது ஆய்வாகாது.

போருக்கு வகுத்த வரம்பு

அதே 1539 ஜூனில் ‘போர்ச் சட்டம் பற்றி’ என்ற அடுத்த உரையை ஆற்றினார். சமய வேறுபாடு போருக்குக் காரணமாகாது. நாட்டை விரிவாக்குவதும் மன்னனின் புகழும் காரணமாகா. இழைக்கப்பட்ட அநீதி ஒன்றே காரணம், அதுவும் சிறிய அநீதிக்குப் போர் தகாது. குற்றமற்றவர்களை வேண்டுமென்றே கொல்வது எந்நிலையிலும் கூடாது. மன்னன் ஆணையிட்டாலும், போர் நீதியற்றதென்று தெளிவாக உணர்ந்த குடிமகன் போரிடக் கூடாது. வென்ற பிறகு மன்னன் வழக்காளியாக நடந்துகொள்ளாமல், இரு நாடுகளுக்கிடையே அமர்ந்த நீதிபதியாகத் தீர்ப்பளிக்க வேண்டும்.

இந்த உரையிலும் கடுமையான பகுதிகள் உண்டு. முஸ்லிம்களுடனான போரில் சிறைபிடித்தோரை அடிமையாக்குவதை அவர் ஏற்றார். ஆனாலும் குற்றமற்றவரின் பாதுகாப்பு, அளவோடு பலம் பயன்படுத்தல், நீதியற்ற கட்டளையை மறுக்கும் மனச்சான்று ஆகிய மூன்றும் இன்றைய போர்ச் சட்டத்தின் தூண்கள். அவற்றை ஒன்றாகக் கோத்து வாதமாக்கிய முன்னோடிகளில் விட்டோரியாவுக்கு உறுதியான இடம் உண்டு.

பேரரசரின் கடிதம்

பேரரசருக்குச் செய்தி எட்டியது. 1539 நவம்பர் 10இல் ஐந்தாம் சார்லஸ், சாலமன்காவின் புனித ஸ்தேவான் மடத்தலைவருக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவின் மீது தமக்குள்ள உரிமையைப் பற்றித் துறவிகள் பேசிய உரைகள் அனைத்தையும் திரட்டி ஒப்படைக்க வேண்டும், இனி அனுமதியின்றி இதைப் பற்றிப் பேசவோ அச்சிடவோ கூடாது என்று கட்டளையிட்டார். விட்டோரியா தண்டிக்கப்படவில்லை. பூர்வகுடிகளுக்குப் போதிய கற்பித்தலின்றித் திருமுழுக்கு அளிக்கலாமா என்று பேரரசே பின்னர் அவரிடம் கருத்துக் கேட்டது. 1545இல் திரெந்து திருச்சங்கத்துக்கு அழைப்பு வந்தபோது நோய் அவரை முடக்கியிருந்தது. கடைசி ஆண்டுகளில் மாணவர்களே அவரை நாற்காலியில் வைத்து வகுப்புக்குத் தூக்கிச் சென்றார்கள். உரைகள் அச்சில் வந்தது 1557இல், அதுவும் ஸ்பெயினில் அல்லாமல் பிரான்சின் லியோன் நகரில்.

கேள்வி அடங்கவில்லை. 1542இன் புதிய சட்டங்கள் பூர்வகுடிகளை அடிமையாக்குவதைத் தடைசெய்தன, கட்டாய உழைப்புக் குத்தகைகள் இனி வாரிசுகளுக்குச் செல்லாது என்றன. பெருவின் ஸ்பானியர்கள் ஆயுதமேந்தி எழுந்தார்கள், மன்னரின் பிரதிநிதி 1546இல் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். வாரிசுரிமைத் தடையைச் சார்லஸ் திரும்பப்பெற்றார். 1550-51இல் வயதோலிதில் பூர்வகுடிகளின் சார்பில் பார்த்தலோமே தெ லாஸ் கசாஸும், அவர்கள்மீதான போரை நியாயப்படுத்திக் கினெஸ் தெ செபுல்வேதாவும் எதிரெதிராக வாதிட்டபோது, விட்டோரியாவின் வட்டத்தைச் சேர்ந்த தோமிங்கோ தெ சோத்தோவும் மெல்கோர் கானோவும் நடுவர்களாக அமர்ந்திருந்தார்கள். இரு தரப்பும் விட்டோரியாவைத் தமக்குச் சாதகமாக இழுக்கப் பார்த்தன. லாஸ் கசாஸ் தந்த விளக்கம் கூர்மையானது. பேரரசரின் தரப்பை அமைதிப்படுத்தும் பொருட்டு அந்த நியாயமான காரணங்களில் விட்டோரியா சற்றுக் கவனக்குறைவாக இருந்துவிட்டார், அவர் நம்பிய செய்திகள் உண்மையல்ல என்றார். அக்கரையைக் கண்ணால் கண்ட ஒருவர், காணாத ஒருவருக்குச் செய்த திருத்தம் அது.

ஆசியக் கடலுக்கு வந்த வாதம்

விட்டோரியாவின் வாதம் அட்லாண்டிக்கோடு நின்றுவிடவில்லை. 1603இல் சிங்கப்பூர் நீரிணையருகே டச்சுக்காரர்கள் ‘சான்டா கத்தரீனா’ என்ற போர்ச்சுகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஹியூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை நாடியது. அவர் எழுதியதிலிருந்து ஒரு பகுதி 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற நூலாக வெளிவந்தது. ஜாவா, இலங்கை, மொலுக்கா தீவுகள் ஆகியவற்றுக்குச் சொந்த அரசர்களும் சட்டங்களும் உண்டு, கண்டுபிடிப்போ போப்பாண்டவரின் கொடையோ போர்ச்சுகலுக்கு அங்கே ஆட்சியுரிமை தராது, எல்லாருக்கும் வாணிகம் செய்ய உரிமை உண்டு என்று அதில் வாதிட்டார். மேற்கோளாகத் திரும்பத் திரும்ப வருபவர் விட்டோரியா.

அந்த வாதத்தோடு வந்த கம்பெனி அடுத்து என்ன செய்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பழவேற்காட்டில் கோட்டை எழுந்தது. 1621இல் ஜாதிக்காய் ஏகபோகத்துக்காகப் பண்டா தீவுகளின் மக்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறின. யாவருக்கும் திறந்த வாணிகம் என்ற கொள்கை, நுழைவதற்குப் பயன்பட்டது. நுழைந்த பிறகு ஏகபோகமே சட்டமாயிற்று.

புகழும் மறுவிசாரணையும்

இருபதாம் நூற்றாண்டில் விட்டோரியா மீண்டும் உயர்த்தப்பட்டார். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் பிரௌன் ஸ்காட் 1934இல் வெளியிட்ட நூலில், பன்னாட்டுச் சட்டத்தின் பிறப்பிடம் ஹாலந்து அல்ல, சாலமன்காவே என்று நிறுவ முயன்றார். 1936இல் ஸ்பெயின், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் மாளிகைக்கு ஹோசே மரியா செர்த் வரைந்த சுவரோவியங்களை அன்பளிப்பாகத் தந்தது. அவை அழகூட்டும் மன்றத்துக்கு விட்டோரியாவின் பெயர் சூட்டப்பட்டது. ஆயுதக் குறைப்பு மாநாடு இன்றும் கூடும் இடம் அது.

மறுவிசாரணையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இலங்கைப் பின்னணி கொண்ட சட்ட அறிஞர் அந்தனி ஆங்கி. 1990களில் எழுதிய கட்டுரையிலும், இறையாண்மையும் ஏகாதிபத்தியமும் பற்றிய 2005ஆம் ஆண்டு நூலிலும் அவர் ஒரு கருத்தை வலுவாக முன்வைத்தார். பன்னாட்டுச் சட்டம் ஐரோப்பாவில் முழுமையாக உருவாகிப் பின்னர் காலனிகளுக்குச் சென்றது என்பது தவறு, காலனிய மோதலிலேயே அது உருவாயிற்று என்பது அக்கருத்து. பூர்வகுடியை அறிவுள்ளவனென்று ஒப்புக்கொண்டதன்மூலமே விட்டோரியா அவனை ஐரோப்பியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவனாக்கினார், பின் அதை மீறியவனென்று போருக்கு இலக்காக்கினார் என்பது ஆங்கியின் வாசிப்பு.

இந்த வாசிப்பு மூன்றாம் பகுதியின் உண்மையைச் சொல்கிறது. ஆயினும் முதல் இரு பகுதிகளின் எடையை அது குறைத்து மதிப்பிடுகிறது என்பது என் கருத்து. 1539இல் பேரரசரைச் சினப்படுத்தியது இரண்டாம் பகுதியாகவே இருக்க வேண்டும். வென்றவன் தன் வெற்றியையே ஆதாரமாகக் காட்ட முடியாது, ஆதாரத்தைத் தனியாகக் காட்ட வேண்டும், காட்டும் சுமை அவனுடையது என்ற கொள்கை அங்கே பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் காலனி நாடுகள் ஐக்கிய நாடுகள் அவையில் நின்று கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்.

இன்று நிலைமை திரும்பியிருக்கிறது. போரிலிருந்தும் பட்டினியிலிருந்தும் தப்பிப் படகேறி வரும் எளியவர்களே இப்போது பயண உரிமையைக் கேட்பவர்கள். தடுப்பவை வலிய நாடுகள். குற்றமற்ற விருந்தினரை விரட்டுவது அநீதி என்ற விட்டோரியாவின் வாதம், அவர் எண்ணிப்பார்க்காத இந்தத் திசையில்தான் தன் நேர்மையான பொருளை அடைகிறது. மறுபுறம், குற்றமற்றவரைக் காக்கப் படையெடுக்கலாம் என்ற அவருடைய வாதமும் உயிரோடு இருக்கிறது. 2005இல் உலகத் தலைவர்கள் ஐக்கிய நாடுகள் அவையில் ஏற்ற ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாடு அதன் வழித்தோன்றல். யார், யாருக்கு எதிராக, எந்த நலனோடு அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

விட்டோரியாவிடமிருந்து நாம் பெற வேண்டியது அவர் பாதியில் விட்ட சோதனை. எந்த உரிமையைக் கேட்டாலும் இரு தரப்பையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், மாற்றிய பிறகும் நிற்குமா என்று கேட்க வேண்டும், இரு தரப்புக்கும் உண்மையில் ஒரே பலம் இருக்கிறதா என்றும் கூடவே கேட்க வேண்டும். தமிழில் சட்டம் கற்பிப்போர் பன்னாட்டுச் சட்ட வரலாற்றைக் குரோஷியஸிலிருந்து தொடங்காமல், சாலமன்காவின் இந்த உரையிலிருந்து தொடங்க வேண்டும். அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் புகழவோ பழிக்கவோ செய்யாமல், மூன்று பகுதிகளையும் மாணவர் முன் ஒன்றாக வைக்க வேண்டும்.